மாமனாரின் பழைய லீவர் துப்பாக்கிகள்: மூன்று பிள்ளைகளுக்கு எப்படிப் பிரிப்பது?

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். மொன்டானாவில் இருக்கும் உங்கள் மாமனாரிடம் பதினொரு பழைய லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கிகள் (விசையைச் சுற்றியுள்ள லீவரைத் திறந்து மூடி அடுத்த தோட்டாவை ஏற்றுபவை) இருக்கின்றன. தயாரித்த நிறுவனங்களைப் பார்த்தால் பெரும்பாலும் வின்செஸ்டர், இரண்டு மார்லின், ஒரு சாவேஜ். எண்பதை நெருங்கும் அவர் அவற்றைத் தன் மூன்று பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுக்க நினைக்கிறார். மூத்தவர் மொன்டானாவிலேயே, அடுத்தவர் கலிஃபோர்னியாவில், உங்கள் மனைவி ஹூஸ்டனில். “இவை எவ்வளவு பெறும், எப்படிப் பிரிப்பது” என்று கேட்டிருக்கிறீர்கள். விலையைப் படம் பார்த்தோ பட்டியல் பார்த்தோ யாராலும் சொல்ல முடியாது. கையில் எடுத்துப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் கேள்விக்குள் இருப்பது வேறு மூன்று கேள்விகள்: இவற்றில் எது சட்டப்படி ‘பழம்பொருள்’, எது சாதாரணத் துப்பாக்கி? கைமாறும்போது எதைச் செய்தால் இவற்றின் மதிப்பு கெடும்? மூன்று மாநிலங்களுக்கு எந்த வழியாகப் போக வேண்டும்? இவற்றுக்குத் தெளிவான பதில் உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஒவ்வொன்றும் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். “பல வருடமாக யாரும் தொடவில்லை” என்பது காலி என்பதற்குச் சான்று ஆகாது. பெரும்பாலான லீவர் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஓடும் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். குழலின் முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்து, விரலை விசையிலிருந்து விலக்கி, லீவரை முழுவதும் திறந்து மூட வேண்டும். எதுவும் வெளியே வராத வரை இதைத் தொடர வேண்டும். அதோடு நிறுத்தக் கூடாது. பழைய எண்ணெய் கெட்டியாகி ஸ்பிரிங் ஒட்டிக்கொண்டால், குழாயின் நடுவில் ஒரு தோட்டா நகராமல் நின்றுவிடும். லீவர் காலியாகவே ஓடும். பிறகு ஒருநாள் அதிர்ச்சியில் அது நகர்ந்து உள்ளே வரும். பக்கவாட்டில் தோட்டா நுழைக்கும் மூடியை விரலால் அழுத்தினால், ஸ்பிரிங்கின் முனையிலுள்ள தள்ளி கண்ணில் பட வேண்டும். படவில்லை என்றால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் குழாயைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: பழைய வின்செஸ்டர் மாடல்களான 1873, 1892, 1894 ஆகியவற்றில் தனியாகப் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. ஹேமரை (தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலை) பாதி இழுத்து நிறுத்தும் ‘ஹாஃப் காக்’ பள்ளம் ஒன்றுதான். நூறு வருடத்தில் அது தேய்ந்தோ உடைந்தோ போயிருக்கலாம். அதை நம்பிக் குண்டு நிரப்பி வைப்பது கூடாது.

இப்போது பழம்பொருள் விஷயம். அமெரிக்க மத்திய அரசின் 1968-ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டப்படி, 1898-இலோ அதற்கு முன்போ தயாரானது ‘ஆன்டிக்’. அந்தச் சட்டத்தின் பார்வையில் அது துப்பாக்கியே அல்ல. 1899-இலிருந்து தயாரானது, எவ்வளவு அழகாகப் பழுத்திருந்தாலும், துப்பாக்கிதான். ஐம்பது வருடத்துக்கு மேற்பட்டவற்றுக்குக் ‘கியூரியோ அண்ட் ரெலிக்’ என்று இன்னொரு வகை உண்டு. சேகரிப்பாளர்கள் மூன்று வருடத்துக்கு 30 டாலர் கட்டி அதற்கான உரிமம் எடுக்கலாம்; எடுத்தவர்கள் வாங்குவதையும் கொடுப்பதையும் பதிவேட்டில் எழுதிவர வேண்டும். உங்கள் மாமனாரிடம் அந்த உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அவருடைய பதிவேடு உங்களுக்குப் பொக்கிஷம்: எந்தத் துப்பாக்கி எப்போது, யாரிடமிருந்து வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

பலரும் சறுக்கும் இடம் மாடல் பெயரில் இருக்கும் ஆண்டு. ‘மாடல் 1894’ என்பது வடிவமைப்பு வெளிவந்த ஆண்டு. அதே மாடல் 2006-இல் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்படும் வரை, எழுபது லட்சத்துக்கும் மேல் தயாரானது. உங்கள் மாமனாரின் 1894 ஒன்று 1897-ஐச் சேர்ந்ததாக இருக்கலாம், 1957-ஐச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். சாவேஜ் மாடல் 1899 என்றால் சிக்கலே இல்லை: அது ஒருபோதும் பழம்பொருள் ஆகாது. உபெர்ட்டி, மிரோக்கு போன்றவர்கள் இப்போது செய்யும் 1873 நகல்களும் அப்படித்தான். நிர்ணயிப்பது ரிசீவரின் (லீவரும் சுடும் பொறியும் அடங்கிய நடுப்பகுதியின்) சீரியல் எண். 1873, 1886 ஆகியவற்றில் அது லீவருக்குப் பின்னால், பிடியின் அடிப்பக்க இரும்புப் பட்டையில் இருக்கும். 1892, 1894-இல் ரிசீவரின் அடியில், முன்பக்கம். அந்த எண்ணை ஆண்டோடு பொருத்தும் அட்டவணைகள் இரண்டு வகை புழக்கத்தில் இருக்கின்றன: பழைய சேகரிப்பு நூல்களில் வந்தது ஒன்று, தொழிற்சாலையில் எண் குத்திய பதிவேட்டிலிருந்து எடுத்தது மற்றொன்று. இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் எண் என்றால் பதிவேட்டு அட்டவணையைத்தான் நம்ப வேண்டும்.

அதைவிட மேலானது ஒன்று உண்டு. வயோமிங் மாநிலத்தில் கோடி நகரத்தின் பஃபலோ பில் சென்டர் ஆஃப் தி வெஸ்ட் என்ற அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் அசல் பேரேடுகள் இருக்கின்றன. சீரியல் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அது எந்தக் காலிபர் (தோட்டா அளவு), குழல் உருண்டையா எட்டுமுகமா, விசை எந்த வகை, கிடங்குக்கு எப்போது வந்தது, எப்போது வெளியே போனது என்று கடிதமாகத் தருவார்கள். வாங்கியவர் பெயர் பொதுவாக அதில் இருக்காது. எல்லா எண்களுக்கும் பேரேடு இல்லை: மாடல் 1892-க்கு 3,79,999 வரை, 1894-க்கு 3,53,999 வரை, 1886-க்கு 1,56,599 வரை. மார்லினுக்கும் 1883 முதல் 1906 வரையிலான பதிவுகள் அங்கேயே இருக்கின்றன. பதினொன்றில் எத்தனைக்குக் கடிதம் கிடைக்குமோ அத்தனைக்கும் உங்கள் மாமனார் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். கடிதத்தில் ‘எட்டுமுகக் குழல்’ என்று இருந்து கையில் உருண்டைக் குழல் இருந்தால், குழல் மாற்றப்பட்டிருக்கிறது. அது எப்போது, ஏன் என்று அவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

அசலா என்று பார்க்க வேறு சில தடயங்களும் உண்டு. 1873-க்கு வழக்கமான குழல் நீளம் ரைஃபிளில் 24 அங்குலம், கார்பைனில் (குட்டை வகை) 20, மஸ்கெட்டில் (நீண்ட ராணுவ வகை) 30. 1894 ரைஃபிளில் 26, கார்பைனில் 20. இவற்றில் அடங்காத அளவு என்றால் யாரோ அறுத்திருக்கலாம், அல்லது வாடிக்கையாளர் கேட்டுச் செய்துகொண்டதாக இருக்கலாம். இங்கேயும் கடிதம்தான் தீர்ப்பு. வின்செஸ்டர் தன் முட்டைவடிவச் சோதனை முத்திரையைக் குத்தத் தொடங்கியது 1905 ஜூலையில். அந்த முத்திரை குழலில் இருந்து, ரிசீவரில் இல்லையென்றால் குழல் பின்னால் வந்தது. ‘ஆயிரத்தில் ஒன்று’ என்று பொறித்த 1873 (மிகத் துல்லியமான குழல் கொண்ட சிறப்பு வகை) ஏதாவது பட்டியலில் இருந்தால் கொண்டாடும் முன் நிதானியுங்கள். அசலாகத் தயாரானவை சுமார் 130 மட்டுமே. எழுத்தைப் பின்னால் பொறித்தவை ஏராளம். மாறாக, 1960-களிலிருந்து வின்செஸ்டர் வெளியிட்ட நினைவு மாடல்களைப் பலர் பெரிய சொத்து என்று பெட்டியோடு பூட்டி வைத்திருக்கிறார்கள். சேகரிப்பதற்கென்றே பெருமளவில் செய்யப்பட்டதால் அவற்றின் விலை பெரிதாக ஏறவில்லை. அவை இருந்தால் பங்கு பிரிக்கும்போது மிகையாக எண்ணாதீர்கள்.

மதிப்பு கெடுவது பெரும்பாலும் அன்பினால்தான். வாரிசு கையில் வந்ததும் “தாத்தாவின் துப்பாக்கியைப் புதுசாக்குகிறேன்” என்று தேய்க்கத் தொடங்குவார்கள். இரும்பின் மேலுள்ள பழைய நீலப்பூச்சில் எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான் சேகரிப்பாளர் முதலில் பார்ப்பார். அதை எஃகுக் கம்பளியால் துடைத்தாலோ, புதுப் பூச்சு கொடுத்தாலோ, துப்பாக்கியின் மரக்கட்டையை உப்புத்தாளால் இழைத்து வார்னிஷ் அடித்தாலோ போனது போனதுதான். மறுபூச்சை அனுபவமுள்ள கண் உடனே பிடித்துவிடும்: எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும், திருகாணித் துளையின் விளிம்பு உள்வாங்கியிருக்கும், மரம் இரும்பைவிடத் தாழ்ந்திருக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த துப்பாக்கியில் மரம் இரும்பைவிட இழையளவு மேலே எழுந்து நிற்கும். செய்ய வேண்டியது மிகக் குறைவு. பருத்தித் துணியால் தூசி துடைத்து, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மைக்ரோ கிறிஸ்டலைன் மெழுகை மெல்லிய படலமாகப் பூசி, கையுறையோடு எடுத்து வைக்கலாம். சிவந்து பொரியும் துரு இருந்தால் மட்டும் எண்ணெயில் ஊறவிட்டு, மென்மையான வெண்கலத்தால் சுரண்ட வேண்டும். பழுப்பாக உறைந்துபோன துருவைத் தொடவே கூடாது. திருகாணிகளைச் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் திருகாதீர்கள். அதன் ஆப்பு வடிவ முனை பள்ளத்திலிருந்து வழுக்கி ஓரத்தைக் கிழிக்கும். நுனி பள்ளத்தின் அளவுக்கே தீட்டப்பட்டதாக இருக்க வேண்டும். குழலுக்குள் கறுப்பு வெடிமருந்தின் உப்பு படிந்திருந்தால் எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, முழுவதும் உலர்த்தி, பிறகு எண்ணெய் விட வேண்டும்.

ஹூஸ்டனுக்கு வரும் பங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மொன்டானாவின் வறண்ட காற்றில் பல வருடம் இருந்த மரம் சுருங்கியிருக்கும். வளைகுடாக் கரையின் ஈரத்துக்கு வந்ததும் ஊதி, இரும்போடு சேரும் இடத்தில் அழுத்தும். பிடியின் பின்பக்க மரம் விரிசல் விடும். அறையின் ஈரப்பதத்தை 45 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். பெட்டகத்துக்குள் மின்சார ஈரநீக்கிக் கம்பியும் ஈரப்பதம் காட்டும் கருவியும் வேண்டும். தோல் உறையிலோ நுரைப்பெட்டியிலோ நீண்ட நாள் வைக்காதீர்கள்: தோல் பதனிடும் அமிலம் இரும்பை அரிக்கும், நுரை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் மிகுதியாக விட்டு நிமிர்த்தி வைத்தால் அது வழிந்து கட்டையின் கழுத்தில் ஊறி, மரத்தைக் கறுக்க வைத்து மெத்தென்று ஆக்கிவிடும். அதனால் படுக்கவைப்பதே நல்லது.

சுடலாமா என்று கேட்பீர்கள். வின்செஸ்டர் மாடல் 1866-க்கும் அதற்கு முந்தைய ஹென்றி ரைஃபிளுக்கும் உரிய .44 ரிம்ஃபயர் தோட்டா நெடுங்காலமாகத் தயாரிப்பில் இல்லை. அவை பார்ப்பதற்கு மட்டும். 1873-இன் பூட்டு அமைப்பு முழங்கால்போல மடங்கும் இரண்டு இணைப்புகளால் ஆனது, அதிக அழுத்தம் தாங்காது. நல்ல பழுதுபார்ப்பவர் தோட்டா இடைவெளியை அளந்து ஒப்புக்கொண்டால், குறைந்த அழுத்தமுள்ள ஈயத் தோட்டா மட்டும் சுடலாம். பிரவுனிங் வடிவமைத்த 1886, 1892, 1894 உறுதியானவை. ஆனாலும் .38-55, .32-40 காலிபரில் வந்த தொடக்ககால 1894-களின் குழல் கறுப்பு வெடிமருந்துக்கான எஃகு என்பதை மறக்கக் கூடாது. குழாய் மேகசினில் (தோட்டாக்கள் நிற்கும் அந்தக் குழாயில்) கூர்முனைத் தோட்டா ஒருபோதும் வேண்டாம். பின்னால் இருக்கும் தோட்டாவின் கூர்முனை முன்னால் இருப்பதன் பிரைமரில் (அடியிலுள்ள தீமூட்டியில்) முட்டி நிற்கும். பின்னுதைப்பில் உள்ளேயே வெடித்துவிடும். தட்டை முனையோ, இதற்கென்றே வரும் மென்பிளாஸ்டிக் முனையோ மட்டும். பழைய தோட்டாப் பெட்டிகள் கிடைத்தால் சுடவும் வேண்டாம், தூக்கி எறியவும் வேண்டாம். நிறைந்த பழைய பெட்டிகளுக்குத் தனிச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

கைமாற்றும் சட்டத்துக்கு வருவோம். மத்தியச் சட்டப்படி ஒரு மாநிலத்தில் வசிப்பவர் வேறு மாநிலத்தில் வசிப்பவருக்குத் துப்பாக்கியை நேரடியாகக் கொடுக்கக் கூடாது, பெற்ற மகளாக இருந்தாலும் சரி. உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாக, படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து போக வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு: உயில் மூலமோ, உயிலில்லாத வாரிசுரிமை மூலமோ வருவது மாநில எல்லை தாண்டி நேராக வரலாம். 1898-க்கு உட்பட்ட பழம்பொருளுக்கு மத்தியச் சட்டத்தில் இந்தக் கட்டுப்பாடே இல்லை. ஆகவே என் யோசனை இது: பழம்பொருள் என்று உறுதியானவற்றை அவர் கையாலேயே இப்போது கொடுக்கட்டும். மற்றவற்றில் மொன்டானா மகனுக்கு உரியதை அங்கேயே கொடுக்கலாம். வெளிமாநிலம் போக வேண்டியவற்றை விற்பனையாளர் வழியாக அனுப்பலாம், அல்லது சீரியல் எண்ணோடு உயிலில் எழுதலாம்.

கலிஃபோர்னியா மகனுக்குக் கூடுதல் வேலை உண்டு. வாரிசாகப் பெற்ற துப்பாக்கியை அவர் 30 நாளுக்குள் மாநில நீதித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழும் எடுத்திருக்க வேண்டும். பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினுக்கு அங்கே தடை இருப்பதைக் கேள்விப்பட்டுப் பயப்பட வேண்டாம். லீவர் துப்பாக்கியின் குழாய் மேகசினுக்கு அந்தச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. மாநில விதிகள் அடிக்கடி மாறுவதால், கைமாற்றும் மாதத்தில் அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது. என் பதிலின் இந்தப் பகுதியை மட்டும் வைத்துக் காரியத்தில் இறங்காதீர்கள்.

நீங்கள் இன்னும் ஹெச்-1பி விசாவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதைக் கவனமாகப் படியுங்கள். குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு கைக்கு வந்தபின் இந்தத் தடை இல்லை. உங்கள் மனைவி குடிமகள் என்பதால் அவர் வைத்திருக்கலாம். ஆனால் ஒரே வீட்டில், உங்களுக்கும் சாவி இருக்கும் பெட்டகத்தில் இருந்தால், அது உங்கள் கட்டுப்பாட்டிலும் இருப்பதாக வாதிட முடியும். பெட்டகத்தின் எண் அவருக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும். பழம்பொருளுக்கு இந்தத் தடை பொருந்தாது என்றாலும், அதில் போடும் தோட்டாவுக்குப் பொருந்தும்: .44-40 தோட்டா இன்றைய துப்பாக்கிகளிலும் பயன்படுவது. 1890-இல் செய்த துப்பாக்கியை நீங்கள் தொடலாம், அதன் பக்கத்தில் இருக்கும் தோட்டாப் பெட்டியைத் தொடக் கூடாது. குடியேற்ற விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது இதில் துளி ஆபத்தும் எடுக்காதீர்கள். குடியேற்ற வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

இன்னொரு கண்ணி, குட்டைக் குழல். குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்து சேரும். அதில் பழம்பொருளுக்கான வரையறை வேறு: 1898 வரை செய்ததாக இருந்தாலும், அதற்கான தோட்டா கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறது என்றால் விலக்கு இல்லை. வின்செஸ்டரே 14, 15 அங்குலத்தில் செய்த ‘டிராப்பர்’ கார்பைன்கள் உண்டு. அசலானவை பல விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. யாரோ கொட்டகையில் அறுத்தது இல்லை. லீவரை மூடி, குழலின் முனை வழியாக ஒரு குச்சியை உள்ளே தட்டும் வரை விட்டு, அடையாளமிட்டு அளந்து பாருங்கள். 16-க்குக் குறைந்தால் எங்கும் நகர்த்தாமல் வழக்கறிஞரை அழையுங்கள்.

பங்கு பிரிக்கும்போது எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். பதினொன்றில் ஒன்று மற்ற ஐந்தின் விலை பெறலாம். தானே வாங்க விரும்பாத மதிப்பீட்டாளர் ஒருவரிடம் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் விலை வாங்கி, பிள்ளைகள் முறைவைத்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கட்டும். குறைவதைப் பணத்தால் ஈடுகட்டலாம். வரியிலும் வேறுபாடு உண்டு. உயிலில் வந்தால், இறந்த தேதியின் சந்தை விலையே உங்கள் மனைவியின் அடக்க விலை (பின்னால் விற்கும்போது லாபத்தைக் கணக்கிடக் கழிக்கும் தொகை) ஆகும். அன்பளிப்பாக வந்தால், தந்தை அன்று 200 டாலருக்கு வாங்கியிருந்தால் அந்த 200 டாலரே அடக்க விலை. பின்னால் விற்றால் ஏறிய தொகைக்கு, சேகரிப்புப் பொருள் என்பதால், 28 சதவீதம் வரை வரி வரும். அன்பளிப்பைத் தெரிவிக்கும் படிவம் 2025-இல் ஒருவருக்கு 19,000 டாலருக்கு மேல் போனால்தான் தேவை. விற்கும் எண்ணமே இல்லாத குடும்பத்துக்கு இந்தக் கணக்கு பெரிதல்ல. விற்கக்கூடும் என்று நினைக்கும் விலையுயர்ந்த ஒன்றிரண்டை மட்டும் உயிலில் விடலாம்.

காகிதத்தைத் துப்பாக்கியோடு சேர்த்தே பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள்: மாடல், சீரியல் எண், காலிபர், குழல் நீளம், எங்கே, யாரிடம், என்ன விலைக்கு வந்தது, எது மாற்றப்பட்டது. இருபக்கப் படம், குழலிலுள்ள எழுத்து, பிடியின் மேல்பட்டை, குறிநோக்கிகள், முத்திரைகள் எல்லாம் படமெடுக்க வேண்டும். “இது என் பாட்டனார் வைத்திருந்தது” என்று உங்கள் மாமனார் சொல்வதை, சீரியல் எண் குறிப்பிட்டு, அவர் கையெழுத்தோடு நோட்டரி முன் பதிவு செய்யுங்கள். எண் இல்லாத குடும்பக் கதைக்கு அடுத்த தலைமுறையில் யாரும் மதிப்புக் கொடுப்பதில்லை. கழற்றி வைத்த பழைய குறிநோக்கி, தோட்டா நிரப்பும் கருவி, கட்டைக்குள் இருக்கும் துடைப்புக் கம்பி ஆகியவை ஒரு பொதுப் பெட்டியில் கலந்து கிடக்கும். எது எதற்கு என்று அவர் மட்டுமே சொல்ல முடியும்; ஒவ்வொன்றிலும் சீட்டு கட்டிவிடுங்கள்.

கொண்டு வரும்போது காலி செய்து, பூட்டிய கடினப் பெட்டியில், ஓட்டுநர் கைக்கு எட்டாத இடத்தில், தோட்டா தனியாக வைத்தால் மாநிலங்களைக் கடந்து செல்ல மத்தியச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அது புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் வைத்திருக்க உரிமை உள்ளவருக்கு மட்டும். ஆகவே ஓட்டிவர வேண்டியது உங்கள் மனைவி. விமானத்தில் என்றால் கையில் எடுத்துச் செல்லாமல் செக்-இன் பையாக, செக்-இன் மேசையில் அறிவித்துப் போட வேண்டும். பெரிய கூரியர் நிறுவனங்கள் இப்போது உரிமம் பெற்றவர்களிடமிருந்து மட்டுமே துப்பாக்கி வாங்குவதால், அனுப்புவதென்றால் மொன்டானாவிலேயே ஒரு விற்பனையாளருக்குக் கட்டணம் கொடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பும் நாளில் ஒன்றை எடுத்துச் செல்லலாமா என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 1898 என்ற எல்லை அமெரிக்க மத்தியச் சட்டத்துக்கு உரியது. இந்திய ஆயுதச் சட்டத்தில் அதற்கு இடமில்லை.